கீமோ நடக்கும் வீட்டில் நாட்டு மருந்து: செவ்வாய்ப்பேட்டைக் கடையிலிருந்து

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் நாட்டு மருந்துக் கடை தாத்தா காலத்தில் ஆரம்பித்தது. அப்பாவுக்குப் பிறகு பதினெட்டு வருடமாக நான்தான் கல்லாவில் உட்காருகிறேன். வாரத்துக்கு இரண்டு பேராவது செல்போனில் வந்த ஒரு பட்டியலை நீட்டி, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "அம்மாவுக்கு மார்புல கட்டிங்க, கீமோ போயிட்டிருக்கு. இதெல்லாம் இருக்குங்களா?" முன்பெல்லாம் நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவேன். என் அக்காவுக்கு அதே மார்பகப் புற்றுநோய் வந்த பிறகு அப்படிக் கொடுப்பதில்லை. ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொல்லிப் பேசுகிறேன். அப்படிப் பேசுவதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. சரக்கு தெரியும். ஒரு வருடத்துக்கு மேல் அக்காவோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த அனுபவம் உண்டு. அவ்வளவுதான் என் தகுதி.

அக்காவுக்கு அப்போது 46 வயது. முதலில் ஆபரேஷன். அப்புறம் 21 நாளுக்கு ஒருமுறை நான்கு கீமோ, அது சிவப்பு மருந்து, ஏற்றிய அன்று சிறுநீரே சிவப்பாகப் போகும். பிறகு வாரம் ஒன்று என்று பன்னிரண்டு. கடைசியில் ரேடியேஷன். இப்போது நோய் திரும்ப வராமலிருக்கத் தினமும் தமாக்சிஃபென் என்ற மாத்திரை.

இரண்டாவது சிவப்பு மருந்துக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஈரல் அளவு, அதாவது எஸ்.ஜி.பி.டி., 240க்கு மேல் இருந்தது. 40க்குள் இருக்க வேண்டியது. கீமோவைத் தள்ளி வைத்தார்கள். "வீட்ல வேற ஏதாவது குடிக்கிறீங்களாம்மா?" என்று நர்ஸ் கேட்டபோது அக்கா என்னைப் பார்த்தாள். என் கையால் இடித்த சீந்தில் கொடிக் கஷாயம். மூன்று வாரமாகக் காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர். உடம்புக்குத் தெம்பு வரும் என்று நான்தான் கொடுத்தேன். கொரோனா நேரத்தில் ஊரே வாங்கிப் போன கபசுரக் குடிநீரின் 15 சரக்கில் சீந்திலும் ஒன்று. அதனால் அதில் என்ன கெடுதல் வரப்போகிறது என்று நினைத்தேன். 2021ல் மும்பை டாக்டர்கள் சீந்தில் குடித்தவர்கள் சிலருக்கு ஈரல் வீங்கியதைப் பற்றி எழுதியிருந்தது எனக்கு அப்போது தெரியாது.

டாக்டர் திட்டவில்லை. "கீமோவாலயும் ஏறலாம், கஷாயத்தாலயும் ஏறலாம். எதுன்னு தெரிஞ்சாத்தானே நான் மருந்தை முடிவு பண்ண முடியும்?" என்றார். கஷாயத்தை நிறுத்திப் பதினேழு நாளில் அளவு இறங்கியது. அந்தப் பதினேழு நாளும் அக்கா தூங்கவில்லை. சீந்தில்தான் காரணம் என்று இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் டாக்டருக்குத் தெரியாமல் கொடுத்தேன் பாருங்கள், அது தப்பு. என் சரக்கு என்பதால் இரட்டைத் தப்பு.

முதல் வேலை, ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு போதும். உடம்புக்காரர் வாய்க்குள் போகிற, தோலில் படுகிற எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். தேதி, நேரம், என்ன, எவ்வளவு, எங்கே வாங்கியது, எதற்காக. எங்கள் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கும்:

"செவ்வாய். கீமோ முடிந்து 2ஆம் நாள். காலை 7: இஞ்சி தட்டிப் போட்ட டீ, அரை டம்ளர். குமட்டலுக்கு. வாந்தி மாத்திரை 6.30க்கே கொடுத்தாச்சு. மதியம்: மணத்தக்காளிக் கீரை, சோறு நாலு கவளம். மாலை: பெரியம்மா ஆத்தூரிலிருந்து ஒரு பொடி கொண்டு வந்தார். பச்சை மூடி டப்பா, பெயர் இல்லை. கொடுக்கவில்லை. போட்டோ எடுத்தாச்சு."

கொடுக்காததையும் எழுத வேண்டும். ஏனென்றால் நீங்கள் கடைக்குப் போன நேரத்தில் பெரியம்மா கொடுத்திருப்பார்.

பெயரில் கவனம். வடக்கே வல்லாரையையும் பிராமி என்பார்கள், நீர்ப்பிரமியையும் பிராமி என்பார்கள். இரண்டும் வேறு செடி. எங்கள் வியாபாரத்தில் இந்த மாதிரிக் குழப்பம் நிறைய உண்டு, சொல்வதற்கு எனக்குக் கூச்சமில்லை. ஆகையால் பொட்டலம் வாங்கும்போது கடைக்காரரிடம் பெயரை எழுதி வாங்குங்கள். பொடியாக வாங்காதீர்கள். முழுச் சரக்காக இருந்தால் வேர், பட்டை, காய் என்று கண்ணுக்குத் தெரியும். பொடித்துவிட்டால் எனக்கே எது எது என்று தெரியாது.

அடுத்தது, அதை டாக்டரிடம் காட்டுவது. அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.யில் நமக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். அதற்குள் நோட்டைப் புரட்டிக்கொண்டிருக்க முடியாது. முந்தின ராத்திரியே ஒரு துண்டுத் தாளில் மூன்று வரி எழுதி ஃபைலின் மேலே குத்திவிடுங்கள்: இப்போது என்ன சாப்பிடுகிறார், புதிதாக என்ன கொடுக்க நினைக்கிறோம், எதற்காக. டப்பா இருந்தால் டப்பாவையே பையில் போட்டு எடுத்துப் போங்கள். "ஆயுர்வேதம் சாப்பிடலாமா டாக்டர்?" என்று பொதுவாகக் கேட்டால் "வேண்டாம்" என்றுதான் பதில் வரும், அவரைக் குறை சொல்ல முடியாது. "இந்தப் பொடி அரை ஸ்பூன், ஈரலுக்கு ஒத்துக்குமா, இந்த மாத்திரையோட மோதுமா?" என்று கேட்டால் பதிலும் அந்த அளவுக்குத் தெளிவாக வரும். டாக்டருக்கு நேரமில்லை என்றால் கீமோ வார்டு நர்ஸிடமோ மருந்தாளுநரிடமோ கேட்கலாம். எங்களுக்கு அதிகம் சொல்லிக் கொடுத்தது வார்டு நர்ஸ்தான்.

எந்தக் கட்டத்தில் எது

ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பே பூண்டு மாத்திரை, மஞ்சள் கேப்சூல், இஞ்சி லேகியம், ஜின்கோ என்ற வெளிநாட்டு மூலிகை மாத்திரை மாதிரியானவற்றை நிறுத்தச் சொல்வார்கள். ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தலாம் என்பதால். ரசத்தில் தட்டிப் போடும் நாலு பல் பூண்டைப் பற்றிய பேச்சு இல்லை இது.

கீமோதான் நீளமான கட்டம், அதிகம் தவறு நடப்பதும் அங்கேதான். மருந்து ஏற்றி ஏழாவது நாளிலிருந்து பதினாலாவது நாள் வரை வெள்ளை அணு குறைந்து கிடக்கும். அந்த நேரத்தில் பச்சையாக அரைத்த எதுவும் வேண்டாம். அருகம்புல் சாறு, பப்பாளி இலைச் சாறு, கீழாநெல்லியை அப்படியே அரைத்து மோரில் கலக்குவது, எல்லாமே. இலை நல்லதாக இருக்கலாம். அதில் ஒட்டியிருக்கும் மண்ணும் கிருமியும் அந்த வாரத்தில் தாங்காது. காய்ந்த சரக்கும் அப்படித்தான். எங்கள் கிடங்கில் சாக்கு தரையில் இருக்கும், ஐப்பசி மழையில் பூசணம் பூக்கும், எலி ஓடும். வெயிலில் காய வைத்துப் புடைத்துத்தான் விற்கிறோம், ஆனாலும் அது ஆஸ்பத்திரிச் சுத்தம் ஆகாது. நன்றாகக் கழுவி வேக வைத்த கீரை தாராளமாகச் சாப்பிடலாம்.

ஒரு விஷயத்தைச் சத்தமாகச் சொல்கிறேன். கீமோ நடக்கும்போது காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், நிலவேம்புக் கஷாயம் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். ராத்திரி இரண்டு மணியாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். வீட்டில் தெர்மாமீட்டர் இல்லையென்றால் நாட்டு மருந்துக்கு முன்னால் அதை வாங்குங்கள்.

குமட்டலுக்கு இஞ்சி உண்மையிலேயே கை கொடுக்கிறது. 2012ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கீமோ எடுக்கும் 576 பேரில் பலருக்கு வாந்தி மாத்திரையோடு சேர்த்துத் தினமும் அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை இஞ்சி கொடுத்ததில் முதல் நாள் குமட்டல் குறைந்தது. வாந்தி மாத்திரையை நிறுத்திவிட்டு இஞ்சி மட்டும் கொடுத்தவர்கள் அல்ல, இரண்டையும் சேர்த்துக் கொடுத்தவர்கள். அளவும் பாருங்கள்: ஒரு கிராம் சுக்குப் பொடி என்றால் சுமார் அரை டீஸ்பூன்தான். எங்கள் வீட்டில் விரல் நுனி அளவு இஞ்சியைத் தட்டி, கொதிக்க வைத்து, கொஞ்சம் எலுமிச்சை பிழிந்து, ஆறிய பிறகு மிடறு மிடறாகக் கொடுத்தோம். சூடாகக் கொடுத்தால் வாசனைக்கே அக்காவுக்குக் குமட்டும். ரத்தம் உறைய உதவும் தட்டணு குறைவாக இருக்கிறது என்று சொன்ன வாரத்தில் டாக்டரைக் கேட்டு அதையும் நிறுத்தினோம்.

வாய்ப்புண்ணுக்கு எங்கள் கடையில் பத்துச் சரக்கு இருக்கிறது. அக்காவுக்கு உதவியது உப்பும் சமையல் சோடாவும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒவ்வொன்றும் ஒரு டீஸ்பூன் போட்டு, சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் கொப்பளித்துத் துப்ப வேண்டும். கூட மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப் பாலில் வேக வைத்துக் காரமில்லாமல் கொடுத்தோம். அது மருந்து என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் எரிச்சல் இல்லாமல் உள்ளே இறங்கிய சாப்பாடு அது ஒன்றுதான்.

ரேடியேஷன் நேரத்தில் தோலில் மஞ்சள் பூசாதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள், கதிர் பட வேண்டிய இடத்தைக் காட்ட ஆஸ்பத்திரியில் போட்ட மைக்கோட்டைச் சீயக்காய் போட்டுத் தேய்க்காதீர்கள். சோற்றுக் கற்றாழையைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். சோதித்துப் பார்த்ததில் சாதாரண க்ரீமை விட அது மேலாக நிற்கவில்லை. அங்கே தருகிற க்ரீமே போதும். ஆபரேஷன் ஆன பக்கத்துக் கை வீங்கினால் நாட்டு எண்ணெய் போட்டு அழுத்தி நீவ விடாதீர்கள். அதற்கென்று பயிற்சி எடுத்த பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார்கள்.

மாத்திரைக் காலம்தான் வருடக்கணக்கு. தமாக்சிஃபென் ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம். இங்கேதான் மஞ்சள் விவகாரம் வருகிறது. தமாக்சிஃபென் ஈரலுக்குப் போய் எண்டாக்சிஃபென் என்ற பொருளாக மாறித்தான் வேலை செய்யும். 2019ல் நெதர்லாந்தில் 16 பெண்களிடம் செய்த ஆய்வில், மஞ்சளின் சாரமான குர்குமினை மூன்று வேளை 1200 மில்லிகிராம் வீதம் கொடுத்தபோது எண்டாக்சிஃபென் சுமார் 8 சதவீதம் குறைந்தது. மிளகின் சாரமான பைப்பரினையும் சேர்த்தபோது 12 சதவீதம் குறைந்தது. கடையில் விற்கும் மஞ்சள் கேப்சூல்கள் பலவற்றில் மிளகுச் சாரம் சேர்த்துத்தான் வருகிறது. அதைக் கேட்டு வாங்க வருகிறவர்களிடம் தமாக்சிஃபென் சாப்பிடுகிறார்களா என்று கட்டாயம் கேட்கிறேன்.

இதைக் கேட்டதும் சாம்பாரில் மஞ்சள் போடலாமா என்று பயந்துவிடுகிறார்கள். கணக்குப் போடுங்கள். மஞ்சள்தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கும். அந்த ஆய்வில் கொடுத்த அளவு வர வேண்டுமானால் ஒரு நாளைக்கு நூறு கிராமுக்கு மேல் மஞ்சள் தின்ன வேண்டும். குழம்புக்கு அரை ஸ்பூன் போட்டு வீடே சாப்பிடுகிறோம். அதை நிறுத்த வேண்டியதில்லை. அதிமதுரத்தை மட்டும் தினசரிப் பழக்கமாக்க வேண்டாம். தொடர்ந்து சாப்பிட்டால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். பால்போசிக்ளிப், ரைபோசிக்ளிப் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பம்பளிமாஸ் பழத்தைத் தொட வேண்டாம். மருந்து உடம்பில் தேவைக்கு மேல் தங்கிவிடும்.

நான் தர மறுக்கும் சரக்குகள்

சேராங்கொட்டை. இதை வைத்துப் புற்றுக்கு மருந்து செய்வது சித்த மருத்துவத்தில் உண்டு, ஆனால் அது நஞ்சை நீக்கும் சுத்தி முறை தெரிந்த வைத்தியர் கையில் இருக்க வேண்டியது. கொட்டையின் பால் பட்டாலே தோல் வெந்து கொப்புளம் போடும். யூடியூபைப் பார்த்து வீட்டில் நெய்யில் காய்ச்சுகிறேன் என்று வந்தால் கொடுக்க மாட்டேன். ரசம் சேர்ந்த மெழுகு, செந்தூரம், பற்பம் எதையும் சீட்டு இல்லாமல் கொடுப்பதில்லை. ரசம் என்றால் பாதரசம். கீமோவே சிறுநீரகத்துக்கும் ஈரலுக்கும் வேலை வைத்திருக்கும் நேரம் அது.

முள் சீத்தா இலை கேட்டு வராத நாளில்லை. மனிதர்களிடம் அது மார்பகப் புற்றைக் கரைத்ததற்கு ஆதாரம் இல்லை. அதிலுள்ள அனோனாசின் நரம்பைத் தாக்கும் பொருள். கரீபியன் தீவான குவாதலூப்பில் அந்தப் பழத்தையும் இலையையும் நிறையச் சாப்பிட்டவர்களிடம் பார்க்கின்சன் மாதிரியான நடுக்க நோய் அதிகம் தெரிந்ததாக டாக்டர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எப்போதாவது ஒரு பழம் சாப்பிடுவது வேறு, தினமும் இலைக் கஷாயம் வேறு.

அப்புறம் நித்தியகல்யாணி. சுடுகாட்டு மல்லி என்று நம் ஊரில் யாரும் வீட்டில் வைக்காத அதே செடி. அதிலிருந்துதான் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற கீமோ மருந்துகள் வந்தன. மார்பகப் புற்றுக்குத் தரும் வினோரெல்பினும் அந்த வழிதான். இதைப் படித்துவிட்டு, "அப்ப இலையையே குடிக்கலாமே" என்று ஒரு பெரியவர் வந்தார். அவரை உட்கார வைத்து விளக்கினேன். ஒரு சில மில்லிகிராம் மருந்து எடுக்கக் கட்டுக்கட்டாக இலை வேண்டும். ஒரு செடியில் இருக்கும் அளவு இன்னொரு செடியில் இருக்காது. கூடவே வேறு பல நஞ்சும் இறங்கும். அக்காவுக்கு வாரா வாரம் ஏற்றிய பாக்லிடாக்ஸெல் கூட அமெரிக்கக் காட்டில் வளரும் யூ மரத்தின் பட்டையில் கண்டுபிடித்ததுதான். அக்காவின் உயரம், எடை பார்த்துக் கணக்குப் போட்டு ஏற்றினார்கள். எடை இரண்டு கிலோ குறைந்தபோது திரும்பக் கணக்குப் போட்டார்கள். என் கடையில் நான் கொடுப்பதோ ஒரு கைப்பிடி. ஒவ்வொரு கையும் ஒரு அளவு.

சொந்தக்காரர்களை என்ன செய்வது

வருகிறவர்கள் அன்பில்தான் கொண்டு வருகிறார்கள். ஏற்காட்டுக்குப் போய்விட்டு வந்த மாமா, மலைக்காரர்களிடம் வாங்கிய முடவாட்டுக்கால் கிழங்கை ஒரு பை நிறையக் கொண்டு வந்தார். ஆட்டுக்கால் மாதிரி ரோமம் படர்ந்த கிழங்கு, மேலே போனவர்கள் எல்லோரும் அதன் சூப்பைக் குடித்திருப்பீர்கள். பன்னிரண்டு வாரக் கீமோவில் அக்காவுக்குக் கை கால் குடைச்சல் தாங்க முடியவில்லை, அதைக் கேட்டுத்தான் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கி வாங்கி வந்திருக்கிறார். முகத்தில் அடித்த மாதிரி வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? "நோட்டுல எழுதிட்டேன் மாமா, வியாழக்கிழமை டாக்டர்ட்ட கேட்டுட்டு வெச்சுத் தர்றேன்" என்றேன். மாமாவுக்குக் கோபம் வரவில்லை. டாக்டர் "இப்ப வேண்டாம், கீமோ முடிஞ்சு ரத்தம் பார்த்துட்டு யோசிக்கலாம்" என்றார். குடைச்சலுக்கு வேறு மாத்திரை கொடுத்தார். கிழங்கை நாங்கள் சூப் வைத்துக் குடித்தோம்.

டாக்டர் மேல் பழியைப் போட்டுவிடுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், உறவும் கெடாது.

ஆனால் "கீமோவை விட்டுட்டு மூலிகை மட்டும் போதும், முழுசா குணமாக்கித் தர்றோம்" என்று யாராவது சொன்னால் அங்கே அன்பையெல்லாம் பார்க்காதீர்கள். 2018ல் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மற்ற இடத்துக்குப் பரவாத மார்பகப் புற்றுக்கு வழக்கமான சிகிச்சையைத் தவிர்த்து மாற்று மருத்துவம் மட்டும் எடுத்தவர்களுக்கு, சிகிச்சை எடுத்தவர்களை விட இறக்கும் அபாயம் ஐந்து மடங்குக்கும் மேல் இருந்தது. புற்றுநோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே நம் நாட்டில் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நோட்டீஸில் அப்படிப் போட்டிருந்தால் அந்த ஒரு வரியே அவர்களை நம்பக் கூடாது என்பதற்குப் போதும். பணம்தான் காரணம் என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையைப் பற்றி அரசு ஆஸ்பத்திரியில் கேளுங்கள், கீமோவும் ரேடியேஷனும் அதில் வருகின்றன.

சித்த மருத்துவம் வேண்டும் என்று மனது கேட்டால் முறையாகப் போங்கள். பி.எஸ்.எம்.எஸ். படித்துப் பதிவு செய்த மருத்துவர்கள் இருக்கிறார்கள், அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவு இருக்கிறது, தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. கேன்சர் ஃபைலை முழுதாக அங்கே எடுத்துப் போங்கள். அவர் எழுதிய சீட்டைக் கேன்சர் டாக்டரிடம் காட்டுங்கள். ஃபைலைப் பார்க்காமலே மருந்து எழுதுகிறவரிடம் திரும்பப் போகாதீர்கள். புதிதாக ஒன்று ஆரம்பித்தால் ஒரு நேரத்தில் ஒன்றுதான், அதுவும் அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு இரண்டு வாரம் முன்னால். அப்போதுதான் ஏதாவது அளவு மாறினால் காரணம் தெரியும். நாலு பொடியை ஒரே நாளில் ஆரம்பித்தால் டாக்டராலும் கண்டுபிடிக்க முடியாது.

அக்காவுக்கு இப்போது மூன்றாவது நோட்டு ஓடுகிறது. பெரும்பாலான பக்கங்களில் "சாதாரணச் சாப்பாடு, மாத்திரை இரவு 9" என்றுதான் இருக்கும். வருடம் ஒருமுறை மேமோகிராம் தேதியை அட்டையின் உள்பக்கம் எழுதி வைத்திருக்கிறாள்.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வந்தால் கடைக்கு வாருங்கள். நோட்டும், கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளும், மாத்திரை அட்டையும் கையில் இருக்கட்டும். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை கடை சாத்தியிருக்கும், மற்ற நேரம் ஸ்டூல் காலியாகத்தான் இருக்கும்.